இரண்டு கண்ணு மிசின்களும் ஓர் ஆயுத பூசையும்

பயணம் போய் வந்தவர்கள் தொலைந்த பெட்டியைப் பற்றியும் கெட்டுப்போன வயிற்றைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு அந்த இரண்டும் நேர்ந்தன. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஜெயித்த கதையை. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் லிம் கேட்ட முதல் கேள்வி, "இங்கே என்ன சாப்பிடுவார்கள்?" இரண்டாவது கேள்வியும் அதுதான். லிம் என் அலுவலகத் தோழன், பினாங்குச் சீனன், என்னோடு மலாயில் பேசுவான், என் பரம எதிரி. எதிரியோடு ஒன்றாகப் பயணம் போவதில் ஒரு வசதி உண்டு. அவன் எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தேட வேண்டியதில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருப்பான்.

ஜங்ஷனுக்கு எதிரே இருந்த ஓட்டலில் பரிமாறியவர் லிம்மின் இலையில் சாம்பாரை ஊற்றியபடி என்னிடம் விசாரித்தார்.

"சாருக்கு எந்த ஊரு?"

"பினாங்கு, மலேசியா."

"எங்க மச்சான் அங்கனதான் ஓட்டல்ல நிக்கான். நீங்க?"

"நானும் அதே ஊருதான்."

"அது சரிக்கா. சொந்த ஊரு?"

"அதுதான்."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னால நான் பொறக்கவே இல்ல" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. கை கழுவப் போகும்போதும் பின்னாலேயே வந்து, என் அப்பாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

இனி, இரண்டு எதிரிகள் எதற்காகக் கடல் தாண்டி வந்தோம் என்பது. இரும்பும் மின்சாரமும் கணினி நிரலும் ஒரே உடம்பில் குடியிருக்கும் இயந்திரங்களுக்கு மெக்கட்ரானிக்ஸ் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சிறிய நிறுவனம் அப்படியொரு இயந்திரம் செய்ய முயன்றது. அரிசி ஒரு சரிவில் மெல்லிய திரை போல விழும். கண் ஒன்று ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுத்த மணியைக் கண்டால் மூளைக்குச் சொல்லும், மூளை காற்றுக்குழாய்க்குச் சொல்லும். புஸ் என்று ஓர் ஊது, கறுப்பு மணி மட்டும் விலகி வேறு பெட்டியில் விழும்.

இதை லிம் ஒரு விதமாகச் செய்தான், நான் ஒரு விதமாகச் செய்தேன். அவனுடையதில் கண், மூளை, காற்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். பாகங்கள் குறைவு, பார்க்க அழகு. என்னுடையது நாலு அடுக்கு, டிபன் கேரியர் மாதிரி. பாகங்கள் அதிகம், அழகு என்று என் அம்மாகூடச் சொல்லமாட்டார். கூட்டத்துக்குக் கூட்டம் லிம் விரல் விட்டு எண்ணிக் காட்டுவான். பாகம் குறைந்தால் சிக்கல் குறையும், கணக்கு முடிந்தது என்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வீட்டில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், அதனால் அங்கே சண்டையே இராது என்று யாராவது சொல்வார்களா? பாகங்களை எண்ணாதே, அவற்றுக்குள் இருக்கும் உறவை எண்ணு என்பது என் கட்சி. அதற்காக ஒரு பெரிய அட்டவணை போட்டேன். நெடுக்கில் எல்லாப் பாகங்களின் பெயர், குறுக்கிலும் அதே பெயர்கள். ஒன்று இன்னொன்றைத் தொட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. போல்ட்டால் தொட்டாலும் புள்ளி, ஒயரால் தொட்டாலும் புள்ளி, சூட்டாலோ அதிர்வாலோ நிரலாலோ தொட்டாலும் புள்ளி. மொத்தப் புள்ளிகள் சிக்கலின் அளவு. அவை எப்படிக் கொத்தாகச் சேர்ந்திருக்கின்றன என்பது பிணைப்பின் அளவு. புள்ளிகள் குறைவாக உள்ள இடம் பார்த்து வெட்டி, அடுக்கு அடுக்காகப் பிரித்தேன். ஓர் அடுக்குக்குள் எவ்வளவு நெருக்கமும் இருக்கலாம், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு பிளக், ஒரு குழாய், இரண்டு கொக்கி, அவ்வளவுதான்.

எங்கள் முதலாளியைப் பினாங்கில் எல்லோரும் தவுக்கே என்போம். வயதானவர், அட்டவணையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். இரண்டு இயந்திரத்தையும் ஒரே அரிசி ஆலையில் கொண்டுபோய் வையுங்கள், புது அரிசியில் ஓடட்டும், நானே வந்து பார்க்கிறேன் என்றார். ஜெயித்ததைத் தயாரிப்போம், தோற்றவரின் பிரிவை மூடிவிடுவோம். லிம்முக்கு மூடினாலும் கவலையில்லை, அவன் வேறு பிரிவுக்கும் தலைவன். எனக்கு இருந்தது இந்த ஒரு பிரிவு. அதில் என்னோடு மூன்று பெண்கள், மூன்று பேரும் என்னை நம்பி வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். தோற்றால் நாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆலை அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, இயந்திரங்கள் இரண்டும் கப்பலில் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. பாபநாசம் பேருந்தில் ஏறினோம். தசராவுக்கு வேடம் கட்டியவர்கள் காணிக்கை வாங்க ஊர் ஊராகச் சுற்றும் நாட்கள் அவை. பேட்டையில் ஒரு காளி ஏறினாள். ஏறினாள் என்றா சொல்வது? மீசையை மழித்த, கடா போன்ற ஆள். முகமெல்லாம் நீலம், தலையில் கூரையை முட்டும் கிரீடம், முதுகில் கட்டியிருந்த மரக்கைகளைக் கழற்றி லிம்மின் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ காளி, கிரீடத்தக் கழட்டும்வே. பின்னால உள்ளவுகளுக்கு ரோடு தெரியல" என்றார் கண்டக்டர்.

"கழட்டுனா திருப்பி ஏத்த ஆரு வருவா? நீரு வருவீரா? அவுக ரோட்டப் பாத்து என்ன செய்யப் போறாவ, டிரைவர் பாத்தா போதாதா?"

பேருந்தே சிரித்தது. லிம்முக்கு நான் மொழிபெயர்த்தேன். அவன் மரக்கைகளைக் குழந்தையைப் போலப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, பினாங்குப் பேருந்தில் இப்படி யாரும் ஏறுவதில்லை என்று வருத்தப்பட்டான்.

சேரன்மாதேவி தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் நட்டோடு மல்லுக்கட்டினார், அது அசையவில்லை. காளி இறங்கி வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகி, ஸ்பேனரின் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தார். நட்டு கழன்றது. தச்சநல்லூரில் லாரி ஷெட்டில் வேலையாம்.

"இன்னைக்கி பஞ்சரானதால தப்பிச்சிய. நாளைக்கழிச்சி ஆயுத பூசை. அன்னைக்கி ஆச்சின்னா இங்கன ஒரு ஸ்பேனர் கெடைக்காது, கேட்டியளா" என்றார்.

நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். பினாங்கில் ஆயுத பூசை என்றால் காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, அதே காரில் சாப்பிடப் போவோம். சாமி கும்பிட்ட பிறகு வண்டி இன்னும் வேகமாகப் போகும் என்பதுதான் எங்கள் ஊர் நம்பிக்கை.

ஆலை முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்றார். என் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டார். "வாங்கம்மா, வாங்க. சீனத்து அண்ணாச்சியும் வாங்க. மொதல்ல சாப்பாடு, பொறவுதான் மிசினு" என்றார். ஆலையில் எங்கள் இயந்திரங்களுக்குக் கண்ணு மிசின் என்று பெயர் வைத்திருந்தார்கள். லிம்முடையது சீனத்துக் கண்ணு, என்னுடையது அக்கா கண்ணு.

மதியம் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கள் மிதக்கும் அந்தக் குழம்பை இஞ்சித் துவையலோடு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான் லிம். "எங்கள் ஊர் லக்சாக் குழம்பு மாதிரி இருக்கிறது, மீன் மட்டும்தான் இல்லை" என்றான். என்ன சொல்லுதார் என்று அண்ணாச்சி கேட்டார். நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"சொதியில மீனா? யம்மா, பைய பேசுங்க. எங்க வீட்ல காதுல விழுந்தா சட்டியக் கவுத்திருவா" என்று அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

மறுநாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ஆலையின் ஃபிட்டர் காதர் பாய் இரண்டு மிசினுக்கும் அரிசியைக் கொட்டினார். களத்தில் நெல் காயவைக்கும் பெண்களின் தலைவி செல்லம்மா ஒவ்வொரு மூட்டையிலும் கைப்பிடி அள்ளி முறத்தில் பரப்பிப் பார்த்தார். உண்மையைச் சொல்வதானால், லிம்முடையதுதான் முந்தியது. கண்ணும் காற்றும் ஒட்டியிருப்பதால் அது பார்த்த மாத்திரத்தில் ஊதியது. என் மிசின் ஒரு மூட்டையை முடிப்பதற்குள் அவனுடையது அடுத்த மூட்டையில் பாதியைத் தாண்டியிருந்தது.

"சீனத்துக் கண்ணு வெரசா பொறுக்குது. ஒங்களது பையத்தான் பொறுக்குது" என்றார் அண்ணாச்சி, வருத்தத்தோடு. லிம் மரியாதையாக வேறுபக்கம் பார்த்தான். அவன் எகத்தாளம் பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திராது. அன்று மாலை கொடுத்த கூட்டாஞ்சோறு எனக்கு இறங்கவில்லை. என் பங்கையும் அவனே சாப்பிட்டான்.

ஆயுத பூசையன்று காலையில் அண்ணாச்சி எங்களை விரட்டினார். மில்லில் தூசி தட்டும் வேலை, நீங்கள் போய் பாபநாசத்தில் அருவியில் குளித்துவிட்டு வாருங்கள் என்றார். தவுக்கே மறுநாள் காலையில் மதுரையிலிருந்து காரில் வந்து, நண்பகலில் திரும்பிவிடுவார். எங்களுக்கும் தலையைக் குளிரவைக்க வேண்டியிருந்தது. அகத்தியர் அருவியின் கீழே லிம் குழந்தையாகிவிட்டான். மலேசியாவில் எத்தனையோ அருவி உண்டு, ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆள் உன் முதுகைத் தட்டி, "இங்கன வந்து நில்லும், இங்கனதான் நல்லா விழுது" என்று நல்ல இடத்தை விட்டுக்கொடுக்கும் அருவி அங்கே இல்லை.

நாங்கள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆலையில் எங்கள் மிசின்களும் குளித்துக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது இரண்டும் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டு, கல்யாணப் பெண்ணைப் போல நின்றன. கீழே தரை முழுக்க ஈரம். காதர் பாய் பெருமையோடு வந்தார்.

"எப்பிடி இருக்கு பாத்தியளாக்கா? ரப்பர் பைப்ப வச்சிக் குளிப்பாட்டியாச்சி. ஒரு இண்டு இடுக்கு விடல."

நான் ஓடிப்போய் முதலில் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். எலெக்ட்ரானிக் பலகையில் தண்ணீர் இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் கருகிவிடும். சுத்தம் செய்கிறவர்கள் தூசியை ஊதுவார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள் என்றெல்லாம் நான் யோசித்திருந்தேன். ஒரு நாளைக்கு மிசினைச் சாமியாக நினைத்து அபிஷேகமே செய்துவிடுவார்கள் என்று யோசிக்கவில்லை.

"என்னுடையதில் புகாது. சுற்றிலும் ரப்பர் வளையம் போட்டு மூடியிருக்கிறேன்" என்றான் லிம். சொல்லி வாய் மூடவில்லை, அவன் மிசினின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "உள்ளே போகாத தண்ணீர் எப்படி வெளியே வருகிறது?" என்று கேட்டேன். அவன் தன் கருவிப்பெட்டியைத் தேடி ஓடினான்.

பெட்டி பூசை அறையில் இருந்தது. திறந்து வைத்து, ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவருக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் காதர் பாயின் ஸ்பேனர்கள், அண்ணாச்சியின் பேனா, தராசு, லாரியின் ஜாக்கி, என் மின்னளவுக் கருவி. என்னுடையதற்குப் பொட்டு கொஞ்சம் பெரியது.

"மறுபூசை முடியாம எடுக்கப்படாதும்மா" என்றார் அண்ணாச்சி. "நாளைக் காலையில பூசை, கையோட நல்ல நேரத்துல எல்லா மிசினையும் ஓட்டணும். அந்நேரம் ஓடாத மிசினு வருசம் பூரா நொண்டும்பாவ."

நான் காதர் பாயைப் பார்த்தேன். அவராவது ரகசியமாக ஒரு ஸ்பேனர் தரமாட்டாரா என்று ஒரு நப்பாசை.

"என்னக்கா என்னயப் பாக்கிய? எல்லா வருசமும் நானேதான் கொண்டாந்து வைப்பேன். வருசம் பூரா என் கையில அடி வாங்குது, ஒரு நாளு உக்காந்து பழம் திங்கட்டுமே" என்றார்.

நிலைமை இதுதான். காலையில் பூசை முடிந்து கருவிகள் கைக்கு வரும் நிமிடத்திலேயே சுவிட்சும் போட்டாக வேண்டும். அதற்குள் உலர்ந்திருக்க வேண்டும். உலர வேண்டுமென்றால் இப்போதே திறக்க வேண்டும். லிம்மின் பெட்டியைச் சுற்றிலும் உள்ளே புதைந்த அறுகோண ஆணிகள், அதற்கென்றே உள்ள சாவி இல்லாமல் திறக்காது. என்னுடையதில் அடுக்குகளைப் பிடிப்பது டிபன் கேரியர் கொக்கியும், இரண்டு காது வைத்து விரலால் திருகும் நட்டும்தான். நடுவே கடக்கும் உறவு குறைவாக இருந்ததால் அவ்வளவே போதுமானதாக இருந்தது. விஷயம் எனக்குச் சட்டென்று உறைத்தது, அங்கேயே கை தட்டிவிட்டேன்.

ஆனால் பூசை போட்ட மிசினைத் தொடலாமா? அண்ணாச்சி தலையை ஆட்டினார். இன்று மிசினுக்கும் ஓய்வு, அதில் வேலை பார்க்கக் கூடாது.

"வேலை பாக்கலண்ணாச்சி. ஆயுதம் எடுக்கல, ஓட்டவும் இல்ல. நீங்க பிள்ளையக் குளிப்பாட்டி விட்டுட்டீங்க. தலைய யாரு துவட்டுறது? இப்படியே விட்டா காலையில சளி புடிக்காதா?"

அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "தல தொவட்டுதது வேலையில சேராது. துண்டு கொண்டால காதரு!"

மாலையைக் கழற்றாமலேயே ஒவ்வோர் அடுக்காக எடுத்தேன். கொக்கி, பிளக், குழாய். கொக்கி, பிளக், குழாய். மூளை இருந்த அடுக்கைச் சாய்த்ததும் ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது. பலகைகளைக் களத்தில், அவித்த நெல்லுக்குப் பக்கத்தில் காயவைத்தேன். செல்லம்மா ஒரு கம்போடு காவலுக்கு உட்கார்ந்து காக்காய் விரட்டினார். நானும் துண்டோடு அங்கேயே உட்கார்ந்து சுண்டல் தின்றேன். முந்தின நாள் இறங்காத சோற்றுக்கும் சேர்த்து இறங்கியது.

பிற்பகலில் பொதிகை மலைமேல் வானம் கறுத்து, படபடவென்று தூறல் போட்டது. பெண்கள் நெல்லைக் கூட்டிக் குவிக்க ஓடினார்கள். செல்லம்மா மட்டும், "நெல்லு நனைஞ்சா திருப்பி காயும், இது என்னவோ அக்காவுக்க உசுராம்" என்று கத்திக்கொண்டு பலகைகளை முந்தானையில் அள்ளினார். கொதிகலன் அறையில், உமித்தீ அணைந்தும் சூடு ஆறாத செங்கல் சுவரில் சாய்த்து வைத்தோம். அங்கே அவை இட்லித் தட்டில் இருப்பது போல இதமாக உலர்ந்தன, இரவே திரும்ப அடுக்கிக் கொக்கி போட்டேன்.

லிம் ஒரு விசிறியோடு தன் பெட்டிக்கு வெளியே நின்று வீசிக்கொண்டிருந்தான். எனக்கே பரிதாபமாக இருந்தது, கொஞ்சம்தான்.

விஜயதசமி காலையில் தவுக்கே வந்து இறங்கினார். நெடுந்தூரம் காரில் வந்த மயக்கத்தோடு இருந்தவரின் கழுத்தில் அண்ணாச்சி ஒரு ரோஜா மாலையைப் போட்டார். மறுபூசை நடந்தது. நல்ல நேரம் பிறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். அக்கா கண்ணு ஓடியது. கறுப்பு மணிகள் புஸ் புஸ் என்று விலகி விழுந்தன. நல்ல அரிசி மூட்டையில் இறங்கிய சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டேன்.

லிம்மின் மிசினும் ஓடியது! நன்றாகவே ஓடியது. அவன் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தான். உலர்த்தியதும் காவல் காத்ததும் வீண், அவனுடையது நனைந்தும் ஓடுகிறது, ஓடினால் முந்தப்போவது அதுதான் என்று மனசு கணக்குப் போட்டது.

ஆனால் மூடிய பெட்டி சூடாகச் சூடாக, பலகையைத் தொடாமல் உள்ளே அடியில் ஒண்டியிருந்த தண்ணீர் ஆவியாயிற்று. வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் போய்ப் படிந்தது. மிசின் உலகத்தையே மங்கலாகப் பார்க்க ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்ற அரிசியெல்லாம் கறுப்புப் பெட்டியில் போய்க் கொட்டியது. செல்லம்மா முறத்தோடு ஓடி வந்தார்.

"ஏ சீனத்து அண்ணாச்சி! ஒங்க மிசினுக்குக் கண்ணுல பொறை விழுந்திட்டு!"

கருவிகள்தான் இப்போது கைக்கு வந்துவிட்டனவே, துடைத்துவிடலாம் என்று லிம்மும் காதர் பாயும் பெட்டியைத் திறந்தார்கள். கண்ணாடியைத் தொட வேண்டுமானால் பலகையை எடுக்க வேண்டும். பலகையை எடுக்கக் காற்றுக்குழாய்களைக் கழற்ற வேண்டும். அவற்றைக் கழற்றினால் குறி தப்பிவிடும், குறி வைக்கச் சரிவையே இறக்க வேண்டும். என் அட்டவணையை அரிசி மூட்டைகளின் மேல் விரித்தேன், லிம் மிசினுக்கான பக்கத்தை.

தவுக்கே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். லிம் ஒரு பாகத்தைக் கழற்றும்போது அவர் விரல் அந்தக் கட்டத்துக்குப் போகும். அங்கே உள்ள புள்ளி எந்தப் பெயரைக் காட்டுகிறதோ, லிம்மின் கை அடுத்ததாக அங்கேதான் போனது. ஐந்தாறு முறை பார்த்தார். பிறகு லிம் கழற்றுவதற்கு முன்பே அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். கொட்டாவி விட்ட அதே மனிதர்! எனக்கு அழுகை வந்துவிட்டது, துண்டு கையோடு இருந்தது நல்லதாகப் போயிற்று.

"உன்னுடையதை நிறுத்து. கண்ணை வெளியே எடு" என்றார்.

"நான் எடுக்க மாட்டேன். நீங்கள் எடுங்கள்" என்றேன்.

ரோஜா மாலையோடு, வெள்ளைச் சட்டையோடு, எந்திரத்தைத் தொட்டு எத்தனையோ காலமான அந்த மனிதர் கொக்கியைத் தட்டினார், பிளக்கை இழுத்தார், அடுக்கைத் தூக்கினார். தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப வைத்தார், ஓட்டினார். அண்ணாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போடுவதற்குள் எல்லாம் முடிந்து அரிசி விழுந்தது. தவுக்கேயின் முகத்தில் சைக்கிள் ஓட்டப் பழகிய பையனின் சிரிப்பு.

எது வேண்டும் என்று அண்ணாச்சியிடம் கேட்கச் சொன்னார்.

"பெரிய மொதலாளிகிட்ட சொல்லுங்கம்மா. சீனத்துத் தம்பி மிசினு வெரசுதான், நான் இல்லங்கல. ஆனா அது ஒரு நாளு நின்னா தம்பி வரணும், காதரு வரணும், ஸ்பேனர் வரணும், சாமி உத்தரவும் வரணும். இந்தப் பிள்ள மிசினு நின்னா என் கை போதும். இது இங்கன இருந்து போவாது."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், 'வெரசுதான்' என்பதையும் சேர்த்து. ஜெயித்தவளுக்கு அந்தத் தாராளம் வேண்டாமா?

தவுக்கே காரில் ஏறும்போது இரண்டு உத்தரவு போட்டார். இனி நிறுவனம் செய்வது அடுக்கு மிசின். எந்த இயந்திரமும் என் அட்டவணையில் ஏறி இறங்கிய பிறகுதான் பட்டறைக்குப் போகும். லிம்முக்குத் தனியாக இன்னொன்று: கண்ணையும் காற்றையும் ஒரே அடுக்குக்குள் சேர்த்து அந்த வேகத்தை அங்கே கொண்டுவா, கலாவின் பிரிவில், அதாவது என் பிரிவில், உட்கார்ந்து.

லிம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "சரி, நீ ஜெயித்தாய். ஆனால் உன் அட்டவணையில் ஒரு வரி குறைகிறது" என்றான்.

"எது?"

"காதர் பாய். அவர் ரப்பர் குழாயோடு எல்லாவற்றையும் தொடுகிறார். அவருக்கு ஏன் புள்ளி இல்லை?"

அவன் சொன்னது நியாயம்தான். இரும்புக்கும் ஒயருக்கும் உள்ள உறவையெல்லாம் எண்ணிய நான், அதைத் தொடும் மனிதரை எண்ணவில்லை. மூட்டைகளின் மேலேயே அந்த வரியைச் சேர்த்தோம். இன்றும் எங்கள் நிறுவனத்தில் புதிய வடிவமைப்பு வந்தால், அட்டவணையின் கடைசி வரிக்குக் 'காதர்' என்றுதான் பெயர். அது ஏதோ அறிவியல் சொல் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஐ.எஸ்.டி. பூத் ஒன்று திறந்திருந்தது. லிம் வெளியே நின்று முறுக்கு தின்றான். பினாங்கில் என் பிரிவுப் பெண்களில் ஒருத்தி போனை எடுத்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "அக்கா, பெட்டிகளைக் கட்டத் தொடங்கலாமா?" என்று மெல்லக் கேட்டாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

"கட்டாத! ஒண்ணையும் கட்டாத! இன்னொரு மேசை வாங்கிப் போடு. லிம் நம்மகிட்ட வேலைக்கு வர்றான்!"

மறுமுனையில் மூன்று பேரும் கூச்சல் போட்டார்கள். நான் இங்கே கூச்சல் போட்டேன். பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"நல்ல சேதின்னு தெரியுது, சந்தோசம்க்கா. ஆனா பைய பேசுங்க. இந்தச் சத்தத்துக்கு மலேசியாவுக்குப் போனே வேண்டாம்."